காதில் விழ வேண்டும்

மழை விட்டபாடில்லை. மர அறுவை மில்லின் முற்றத்தில் அடுக்கியிருந்த மரங்கள் ஊறிக் கறுத்துப்போய்க் கிடந்தன. ஈர மரத்தை ரம்பத்துக்குக் கொடுத்தால் பல் மழுங்கும், பலகை காய்ந்ததும் முறுக்கிக்கொள்ளும். அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அறுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு, அறுத்துக்கொண்டிருந்தார்கள். காய்ந்த தூள் என்றால் பறந்துபோய்விடும். ஈரத்தூள் புருவத்திலும் காதுமடலிலும் முழங்கை மடிப்பிலும் அப்பிக்கொண்டு வீடுவரை வரும். மில் விட்டுத் தெருவழியே நடந்து போகிறவர்களைப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே நாளில் வயதாகிவிட்ட மாதிரி இருக்கும்.

தெரு முடிகிற இடத்தில் லுத்தரன் ஆலயம். அதை ஒட்டிப் போதகர் வீடு. முன்னறை, படுக்கையறை, பின்னால் நீளமான சமையலறை. சமையலறைக் கூரை ஒரு மூலையில் ஒழுகும். அந்த இடத்தில் போதகரம்மா ஒரு வாளியை வைத்திருந்தாள். வாளி நிறைந்தால் தூக்கிக் கொட்டிவிட்டுத் திரும்ப வைப்பாள். மழைக்காலம் முழுக்க இது அவளுடைய வேலைகளில் ஒன்று.

போதகர் இந்த ஊருக்கு வந்தபோது தலைமுடி கருகருவென்று இருந்தது. சின்ன சபை, கொஞ்ச காலம் பார்த்துக்கொள், பிறகு வேறிடம் பார்க்கலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வந்தவர் இங்கேயே நரைத்துவிட்டார். காலையில் முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுவார். பத்து மணிக்கு மேல் மில், நோயாளிகள் வீடு, பள்ளிக்கூடம், கல்லறை என்று நடப்பார். எழுதியதெல்லாம் ஒல்லியான புத்தகங்கள். ஆனால் தொலைதூர நகரங்களில் இறையியல் கல்லூரிகளில் அவற்றைப் பாடமாக வைத்திருந்தார்கள். கடல்தாண்டிக்கூட இரண்டொருவர் அவரைப் பார்க்க வந்ததுண்டு. மில் சனங்கள் யாரும் அந்தப் புத்தகங்களைப் படித்ததில்லை. படிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. எழுதுவதைத்தான் ஞாயிற்றுக்கிழமை பேசுவார். பேசியபடி நடக்கிறீர்களா என்று திங்கட்கிழமை மில்லில் வந்து கேட்பார்.

அவர் சொன்னதில் முக்கியமானது ஒன்றே ஒன்று. மன்னிப்பு என்பது மனசுக்குள் நடக்கிற காரியம் இல்லை. அது ஒருவர் வாயிலிருந்து புறப்பட்டு இன்னொருவர் காதில் விழ வேண்டும். தனக்குத் தானே சொல்லிக்கொள்ள முடியாது. அதற்குப் போதகர்தான் வர வேண்டும் என்றில்லை. ஞானஸ்நானம் வாங்கிய எவனும் எவளும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அது கடவுளே சொன்ன மாதிரி. பெரிய பெரிய படிப்பாளிகள் இதைப் பற்றிக் காரசாரமாகச் சண்டை போட்டுக்கொண்டார்களாம். மில்லில் அது சுலபமாக வேர்விட்டுவிட்டது.

அதற்குக் காரணம் ரம்பம். மில்லின் மேஸ்திரிக்குத்தான் அந்தப் பெயர். ரம்பத்தருகே நிற்கிறவர் என்பதால் வந்த பெயர் என்று அவர் சொல்லிக்கொள்வார். அவர் வாயைத் திறந்தால் மூடமாட்டார் என்பதால் வந்தது என்பது ஊருக்கே தெரியும். வேலை வேகமாக ஓடட்டுமென்று ரம்பத்தின் மேலிருந்த தடுப்புத் தகட்டை அவர் ஒருமுறை கழற்றிவைத்தார். அவருடைய சொந்தத் தம்பியின் விரல்கள் போயின. அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டு வருஷக்கணக்கில் பேசவில்லை. போதகர் இருவரையும் மரக்கட்டைமேல் எதிரெதிரே உட்கார வைத்தார்.

“மனசுக்குள்ள எப்பவோ மன்னிச்சுட்டேன், ஐயா,” என்றான் தம்பி, தரையைப் பார்த்தபடி.

“உன் மனசுக்குள்ள நடக்கிறது இவனுக்கு எப்படித் தெரியும்? இவன் காதுல விழணும்.”

தம்பி சொன்னான். ரம்பம் அந்தத் தூளுக்குள் குப்புற விழுந்து அழுதார். மறுநாள் தடுப்புத் தகடு திரும்ப ஏறியது, அதன்பிறகு இறங்கவேயில்லை. அதிலிருந்து மில்லில் அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. உளியை எடுத்துப் போய்த் தொலைத்தவன்கூட, “மன்னிச்சேன்னு சொல்லுடா, காதுல விழற மாதிரி சொல்லு,” என்று டீ நேரத்தில் நின்று கேட்பான். கேலியாகத்தான் கேட்பான். ஆனால் கேட்காமல் போகமாட்டான்.

அந்த மழையில்தான் நகரத்துக் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சி மாணவன் ஒருவன் வந்தான். போதகரின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதுகிறானாம். கல்லூரியில் அவருக்குப் பாராட்டு விழா வைத்திருந்தார்கள். புத்தகத்தை அன்று வெளியிடுவதாக ஏற்பாடு. நல்ல பையன். ஈர ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டு, காலுறையில் ஓட்டை இருப்பதை மறைக்கக் காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தான். போதகரம்மா பார்த்துவிட்டாள். அதை வாங்கித் தைத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சூப்பைப் பரிமாறினாள். வெங்காயமும் உருளைக்கிழங்கும் போட்ட சூப், ரொட்டி, அவர்கள் இருவருக்கும் ஆளுக்கொரு அவித்த முட்டை. விருந்தாளி வந்தால் அவளுக்கு முட்டை இருக்காது.

“அம்மா, உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கணும்,” என்றான் பையன். “ஐயா அடக்கமா இருக்காரு, சொல்ல மாட்டேங்கிறாரு. எங்க காலேஜோட பழைய முதல்வர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்தக் காய்ச்சல் வருஷம் நீங்க ரெண்டு பேரும் எடுத்த முடிவு இருக்கே, அதைத்தான் என் புத்தகத்துக்கே நடுவுல வெச்சிருக்கேன்.”

“எந்த முடிவு, தம்பி?”

“பேராசிரியர் வேலை. நகரத்துல வீடு, எல்லாம் தயாரா இருந்ததாமே. ஐயா வரேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்னு முதல்வர் நேர்ல வந்து நின்னாராம், ஆலய வாசல்ல. கோடைக்காலத்துல. ஐயா முடியாதுன்னுட்டாராம். அப்புறம் மழை ஆரம்பிச்சு காய்ச்சல் வந்து, மில் கொட்டகையில நூத்துக்கணக்கா விழுந்து கிடந்தப்ப ஐயா இங்க இருந்தாரு. அந்த மாதிரி ஒரு தியாகம் இந்தக் காலத்துல யார் செய்வாங்க? உங்களுக்கு அப்ப எப்படி இருந்துச்சு?”

போதகர் கரண்டியைக் கீழே வைத்தார். சத்தமே வரவில்லை. அவ்வளவு மெதுவாக வைத்தார்.

போதகரம்மா சூப் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றாள். பிறகு, “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?” என்று கேட்டாள். பையன் போதும் என்றான். ஆனாலும் ஊற்றினாள். தட்டு விளிம்புவரை வந்ததும் நிறுத்தினாள்.

அந்தக் காய்ச்சல் வருஷத்தில் அவர்களுடைய மகள் இறந்தாள். நாலு வயது முடியவில்லை. ஒரே குழந்தை, அதற்குப் பிறகு பிறக்கவில்லை. வீட்டில் அவளைச் ‘சின்னது’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஊரில் டாக்டர் இல்லை. ஆற்றுப் பாலத்தில் வெள்ளம் ஏறியிருந்ததால் யாரும் உள்ளே வரவும் முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை. நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. கல்லூரிக்குப் பக்கத்துத் தெருவில்.

பையனைச் சாயங்கால பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டுப் போதகர் திரும்பி வந்தபோது அவள் சமையலறையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அவன் சொன்னது நெசமா?”

“ஆமா.”

“கோடையில வந்து கேட்டாங்களா?”

“ஆமாம்மா.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

அவர் ஈரக் கோட்டைக் கழற்றாமலே நின்றார். எந்தக் கேள்விக்கும் அவரிடம் சுற்றிவளைத்து ஒரு பதில் இருக்கும். அதில் முன்னுரை இருக்கும், விளக்கம் இருக்கும், முடிவில் ஆறுதல் இருக்கும். இப்போது அதெல்லாம் வரவில்லை.

“நீ போகலாம்னு சொல்லிடுவியோன்னு பயந்தேன்.”

“சொல்லியிருப்பேன்தான்.”

“எனக்கும் போகணும்னு ஆசை இருந்துச்சு. ரொம்ப ஆசை. புத்தகசாலை, படிச்ச ஆளுங்க, நல்ல வீடு... நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கிளம்பியிருப்பேன். அதை ஒரு சோதனைன்னு நெனச்சேன்.”

“அப்ப நான் சோதனை.”

“அப்படிச் சொல்லல...”

“வேற எப்படிச் சொல்றீங்க? உங்க ஆசைக்கு பயந்து என் வாயைக் கட்டினீங்க. நான் இங்கயே இருக்கலாம்னுகூட சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியாது. ஏன்னா என்னை யாரும் கேக்கல.”

“அங்க போயிருந்தாலும் சின்னது...”

“அதைப் பேசாதீங்க.” அவள் குரல் உயரவில்லை. “அங்க போயிருந்தா பொழைச்சிருக்கும்னு நான் சொல்லல. அங்கயும் செத்திருக்கலாம். நீங்க கொன்னீங்கன்னு சொல்ல நான் பைத்தியக்காரி இல்ல. இத்தனை வருஷம் நான் என்ன நெனச்சுட்டிருந்தேன் தெரியுமா? நமக்கு வேற வழியே இல்ல, விதிச்சது இதுதான்னு நெனச்சு மனசை ஆத்திக்கிட்டேன். வழி இருந்திருக்கு. அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கிட்டே என் பக்கத்துல படுத்துத் தூங்கியிருக்கீங்க.”

அவர் வாளியைப் பார்த்தார். அது நிறைந்துவிட்டிருந்தது. எடுக்கக் குனிந்தார்.

“விடுங்க,” என்றாள் அவள். “அது என் வேலை.”

அதன்பிறகு வீட்டில் எந்த வேலையும் நிற்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ரொட்டி வெந்தது. சட்டைகள் துவைத்துக் காயாமல் அடுப்புப் பக்கம் தொங்கின. டீ நேரத்துக்கு வந்தது. அவள் கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தபோது அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்; கத்தியைக் கீழே வைக்கவில்லை. திருவிருந்தின்போது சனங்கள் பலிபீடத்தின் முன்னால் வரிசையாக முழங்காலிட்டார்கள். இடது ஓரத்தில் அவள் வழக்கமாக முழங்காலிடும் இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. போதகர் அப்பத்தோடு அந்த இடம்வரை வந்து, காலி இடத்துக்கு முன்னால் ஒரு கணம் நின்றுவிட்டுத் திரும்பினார். சபை மொத்தமும் அதைப் பார்த்தது.

அடுத்த ஞாயிறும் அவள் வரவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக ஒரு சாக்கோடு வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி ஜாம் கொண்டுவந்தாள். ஒருத்தி இரவல் ஊசி கேட்டாள். போதகரம்மா ஜாமை வாங்கிக்கொண்டாள், ஊசியைக் கொடுத்தாள், உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினாள்.

போதகர் தன் பங்குக்கு முயற்சி செய்தார். ஒரு காலை எழுதாமல் எழுந்துபோய் அடுப்பு மூட்டினார். ஈர விறகை வைத்து வீடு முழுக்கப் புகையாக்கினார். அவள் இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்தாள். வேறொரு நாள், “அந்தப் பையன்கிட்ட சொல்லிடறேன். அந்த வருஷம் நான் என் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேக்கலன்னு எழுதச் சொல்றேன். எல்லாருக்கும் தெரியட்டும்,” என்றார்.

“எதுக்கு?”

“உண்மை அதுதானே.”

“எவ்வளவு பெரிய மனுஷன், தன் தப்பைக்கூட மறைக்கலன்னு அதுக்கும் கை தட்டுவாங்க. சின்னது பேரைச் சொல்லி இன்னொரு தடவை கைதட்டு வாங்க வேணாம். இதை வெச்சு எழுதாதீங்க. பிரசங்கமும் பண்ணாதீங்க. சொல்லிட்டேன்.”

எழுதுவதும் பிரசங்கிப்பதும் கூடாது என்றால் தன் துக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒரு மத்தியானம், மில்லில் மோட்டார் நின்றுபோய் ஆட்களுக்கு வேலை இல்லாத நேரத்தில், ரம்பம் ஏணியும் பலகையுமாக வந்து சேர்ந்தார். சமையலறைக் கூரையைச் சரிபண்ண வந்தாராம். கேட்டு வருஷமாகிவிட்டது, வராத ஆள் இன்று வந்திருக்கிறார் என்றால் கூரைக்காக வரவில்லை என்று போதகரம்மாவுக்குத் தெரியும்.

ரம்பம் ஏணியில் நின்றுகொண்டு, ஆணிகளை வாயில் வைத்தபடியே பேசினார். ஆணியும் விழவில்லை, பேச்சும் நிற்கவில்லை. மரத்தின் விலை, மருமகளின் சமையல், தம்பியின் இடுப்பு வலி எல்லாம் முடிந்தபிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அம்மாவை ரெண்டு ஞாயிறா சர்ச் பக்கமே காணோம். சாமி மேல கோவமா, ஐயா மேல கோவமா?”

“ரெண்டும் ஒண்ணுன்னு இத்தனை நாள் நெனச்சுட்டிருந்தேன். வேற வேறன்னு இப்பதான் தெரியுது.”

“அப்பாடா. ஐயா மேலதான். சாமி மேல கோவம்னா நான் என்னத்தப் பேசறது?” ரம்பம் கீழே இறங்கி வந்து, அவள் கொடுத்த டீயை வாங்கிக்கொண்டார். “என்னம்மா ஆச்சு? ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு பேசறான். ஐயா உங்களை அடிச்சிருப்பாரான்னுகூட ஒருத்தி கேட்டா. அவரு ஈ அடிச்சே நான் பாத்ததில்லன்னு சொன்னேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் கண்ணில் நீர் முட்டியது. அக்கா தங்கையிடம்கூடச் சொல்லாததை இந்த ஓட்டைவாயிடம் சொன்னாள். நகரத்து வேலை, கோடையில் வந்து நின்ற முதல்வர், தன்னிடம் மறைத்தது எல்லாம் சொன்னாள். ரம்பம் குறுக்கே பேசவில்லை. அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றாகத்தான் இருக்கும். டீ ஆறி ஏடு படிந்தது.

“அந்தக் காய்ச்சல்ல நான் கொட்டகையில கிடந்தேன், அம்மா,” என்றார் கடைசியில். “உங்களுக்குத் தெரியுமே.”

“தெரியும்.”

“என் வாயில தண்ணி ஊத்தினது ஐயாதான். நானும் என் தம்பியும் ஒரே பாயில. பெத்தவங்களே கிட்ட வர பயந்தாங்க. அவரு பீயும் மூத்திரமும் அள்ளினாரு. அவரு போயிருந்தா...” ரம்பம் கோப்பையைக் கீழே வைத்தார். “அப்ப நான் உக்காந்து டீ குடிக்கிறதே...”

“உன்னைக் குத்தம் சொல்லல. நீ பொழைச்சதுல எனக்கு சந்தோஷம்தான். நெசமாச் சொல்றேன்.”

“நான் என்ன சொல்லட்டும் இப்ப?”

“ஒண்ணும் சொல்ல வேணாம். ஆணி அடிச்சாச்சுன்னா கிளம்பு.”

ரம்பம் கிளம்பினார். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் என்ன விஷயம் என்று கேட்டதற்கு, கூரை ஒழுகுகிறது என்று மட்டும் சொன்னார். வேறு ஒரு வார்த்தைகூட அவரிடமிருந்து வரவில்லை என்பதில்தான் விஷயம் பெரிது என்று ஊருக்குப் புரிந்தது.

அந்த வார ஞாயிறு அவள் ஆலயத்துக்குப் போனாள். சமாதானமாகிவிட்டதால் அல்ல. வீட்டில் தனியாக உருளைக்கிழங்கு உரித்து அலுத்துப்போயிருந்தது. பாட்டுச் சத்தம் சுவர்தாண்டிக் கேட்கும்போது அதோடு வாய் தானாக அசைவதை அவளால் நிறுத்த முடியவில்லை. இதற்கு அங்கேயே போய் உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. கதவோரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஈரக் கம்பளி வாசனையும் மரத்தூள் வாசனையும் கலந்து அடித்தது. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் பார்த்தார்கள்.

கறுப்பு அங்கியில் போதகர் முன்னைவிட ஒடுங்கித் தெரிந்தார். ஆராதனையின் ஆரம்பத்தில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னார்கள். அவர் சபையின் பக்கம் திரும்பி, பாவமன்னிப்பை அறிவித்தார். முறைப்படி சொன்னார், ஒரு வார்த்தையைக்கூட விழுங்கவில்லை. அடுத்துப் பாட்டு. ஆர்மோனியக்காரர் துருத்தியை அமுக்கினார். ஆனால் போதகர் பாட்டு எண்ணைச் சொல்லவில்லை.

“உங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன்,” என்றார். “எனக்கும் யாராவது சொல்லணும். நான் ஒரு பாவம் செஞ்சிருக்கேன். என்னன்னு இங்க சொல்ல எனக்கு அனுமதி இல்ல. ஆனா அது என்னை அழுத்துது.”

பலிபீடப் படியில் முழங்காலிட்டார். ஒரு கையை மரப்படியில் ஊன்றித்தான் இறங்க முடிந்தது. சபைக்கு முதுகைக் காட்டியபடி தலையைக் குனிந்துகொண்டார்.

கூரையில் மழை கேட்டது. பிறகு ஒவ்வொரு தலையாகக் கடைசி பெஞ்ச் பக்கம் திரும்பியது. ஒரு சின்னப் பிள்ளைகூட அம்மாவின் தோள்மேலிருந்து திரும்பிப் பார்த்தது. போதகரம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து, கழுத்துவரை சிவந்தது. எழுந்து வெளியே போய்விடலாமா என்று கதவைப் பார்த்தாள். போனால் அதுவும் ஒரு பதிலாகிவிடும்.

மூன்றாவது வரிசையில் பெஞ்ச் கிறீச்சிட்டது. ரம்பம் எழுந்தார். வழியில் இருந்தவர்களின் காலையெல்லாம் மிதித்துக்கொண்டு முன்னால் போனார். அருகில் போனதும் என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தார். பிறகு போதகரின் நரைத்த தலைமேல் கையை வைத்தார்.

“ஐயா, எனக்கு சரியா சொல்லத் தெரியாது,” என்றார். “நீங்க சொல்லிக் குடுத்ததுதான். கடவுள் உங்களை மன்னிச்சுட்டாரு. காதுல விழுதா? மன்னிச்சுட்டாரு. நான் அவருக்காகச் சொல்றேன். அம்மாவுக்காகச் சொல்லல. அவங்களுக்காக நான் சொல்ல முடியாது. எழுந்திரிங்க, ஐயா. தரை சில்லுன்னு இருக்கு.”

போதகரின் தோள்கள் குலுங்கின. ரம்பம் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். ஆர்மோனியக்காரர் யாரும் சொல்லாமலே ஏதோ ஒரு பாட்டை ஆரம்பிக்க, அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்கவே சபைக்கு முதல் இரண்டு வரி ஆயிற்று.

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தபிறகும் அவள் தலைத்துணியை அவிழ்க்கவில்லை. சமையலறை மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

“எல்லார் முன்னாடியும் என்னைக் கொண்டுபோய் நிறுத்திட்டீங்களே.”

“உன்னைப் பத்தி நான் ஒரு வார்த்தை...”

“சொல்லலதான். சொல்ல வேணாமே. இந்த ஊர்ல எல்லாருக்கும் கழுத்து திரும்பும். மன்னிக்கலன்னா நான் கல்நெஞ்சக்காரி. மன்னிச்சா, பாத்தியா, ஐயா முழங்கால்ல விழுந்ததும் அம்மா உருகிட்டாங்க. ரெண்டுல ஒண்ணு. இதை நீங்க நேத்தே முடிவு பண்ணினீங்களா?”

“காலையில.”

“காலையில நான் உங்களுக்கு டீ குடுத்தேன். எதிர்லதான் உக்காந்திருந்தேன். இப்படிச் செய்யப்போறேன், உனக்கு சரியான்னு கேட்டீங்களா?”

அவள் கேட்டது மெதுவாக அவருக்குள் இறங்கியது. அந்தக் கோடைக்காலத்தில் செய்ததையே இன்று காலையும் செய்திருக்கிறார். முழங்காலில் நின்று செய்திருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவரைப் பார்த்தால் போதகர் மாதிரி இல்லை, இறையியல் அறிஞர் மாதிரியும் இல்லை. மில்லில் ஈர மரம் சுமந்துவிட்டு வந்த கூலியாள் மாதிரி இருந்தார்.

“கேக்கல,” என்றார். “திரும்பவும் கேக்கல.”

அவளும் உட்கார்ந்தாள். கோபம் தீர்ந்து உட்காரவில்லை. கால் வலித்தது.

“ரம்பம் சொன்னதை வாங்கிக்குங்க,” என்றாள். “அது நெசம்தான். நான் அதை இல்லன்னு சொல்லல. ஆனா நான் சொல்ல நாளாகும். சொல்லாமயே போனாலும் போயிடுவேன். எனக்கே தெரியல. அதுக்காக ரொட்டி சுடாம இருக்க மாட்டேன். உங்களை விட்டுட்டும் போக மாட்டேன். இந்த வயசுல எங்க போறது, அக்கா வீட்டு மாடிப்படி எனக்கு ஆகாது.”

“சரிம்மா.”

“சரி சரின்னு தலையாட்டாதீங்க.”

“வேற என்ன பண்ணட்டும்? எனக்கு நெசமாவே தெரியல. நீ சொல்லு.”

அவள் அவரைப் பார்த்தாள். கல்யாணமானதிலிருந்து அவர் தெரியவில்லை என்று சொல்லி அவள் கேட்டதில்லை. எல்லாம் தெரிந்தவர் வீட்டில்தான் அவள் இத்தனை வருஷம் சமைத்திருந்தாள்.

“காய்ச்சல் கொட்டகையில எத்தனை பேர் வாயில தண்ணி ஊத்தினீங்கன்னு ஊரெல்லாம் தெரியும்,” என்றாள். “அந்தப் பையன்கூட எழுதப்போறான். இந்த வீட்டுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. நீங்க வந்தப்ப எல்லாம் முடிஞ்சு, நான் சின்னதைக் குளிப்பாட்டி, நல்ல கவுன் போட்டுப் படுக்க வெச்சிருந்தேன். நீங்க ஜெபம் பண்ணினீங்க. அடக்கம் பண்ணினீங்க. நல்லாப் பேசினீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. மறுநாள் கொட்டகைக்குப் போயிட்டீங்க. அவ கடைசியா என்ன சொன்னான்னு நீங்க என்னைக் கேக்கவே இல்ல.”

மில் ஞாயிற்றுக்கிழமை ஓடாது. தெருவிலும் சத்தமில்லை. போதகர் கறுப்பு அங்கியின் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். அதை மடிக்காமல் நாற்காலி முதுகில் போட்டார். மத்தியானம் கல்லறைப் பக்கத்து வீட்டில் ஒரு நோயாளியைப் பார்க்க வேண்டியிருந்தது. வாசலில் யாரோ அதற்காக வந்து தட்டினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

“அப்புறம் வரேன்னு சொல்லுங்க!” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். வந்தவர் தயங்கி நின்றுவிட்டுத் திரும்பிப் போகும் காலடி கேட்டது.

நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“எனக்கு பயமா இருந்துச்சு. அதான் கேக்கல. இப்பவும் பயமாத்தான் இருக்கு,” என்றார். “இப்ப கேக்கட்டுமா? உனக்கு சரியா?”

அவள் மேசைமேல் கிடந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒரு பக்கமாகக் கூட்டினாள். தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“முதல்ல தலை வலிக்குதுன்னுதான் சொன்னா,” என்று ஆரம்பித்தாள். “விளையாடப் போக மாட்டேன்னு சொல்றாளேன்னு எனக்கு அப்பவே...”